பழக்கிய கல்

நவம்பர் 17, ஞாயிறு

வீட்டுக்கு ஒரு கல் வந்திருக்கிறது. மருமகள் டெல்பின் ஆன்லைனில் வரவழைத்திருக்கிறாள். வட்டமாக, சந்தன நிறத்தில், கைப்பிடி இல்லாமல், தூக்கினால் தோள்பட்டை இறங்குகிற கனம். பீட்சா சுடுகிற கல்லாம். போன வருஷம் என் மகன் குத்தாலம் வாங்கிப்போட்ட ஓவன் இவ்வளவு நாளும் என் முறுக்குச் சம்படத்துக்கு மேடையாக இருந்தது. இன்றைக்கு அதற்கும் ஒரு பிழைப்பு வந்துவிட்டது.

கல்லைக் குளிர்ந்த ஓவனில் வைத்து, பிறகுதான் சூட்டை ஏற்ற வேண்டுமாம். சூடான ஓவனில் பச்சைக் கல்லை வைத்தால் விரிசல் விட்டுவிடும் என்றாள். முக்கால் மணி நேரம் காய வேண்டுமாம். அதற்குள் நான் ஒரு கூட்டும் ரசமும் வைத்து அப்பளமும் பொரித்துவிடுவேன் என்றேன். "நீங்க வச்சிருவீங்க அத்தை, எனக்குல்லா வராது" என்று சிரித்தாள். இந்தப் பெண்ணோடு சண்டை போடுவதும் கஷ்டம்.

பீட்சாவைப் பற்றி நான் என்ன சொல்ல. சப்பாத்தியில் தக்காளிச் சட்னியைத் தடவி மேலே ரப்பரை உருக்கி ஊற்றின மாதிரி. இவர் மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார். "ஏளா, அடியில நம்ம அடை கணக்கா மொறுமொறுன்னு இருக்கு, சும்மா தின்னு பாரு." ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த மனுஷனுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

இரண்டாவது பீட்சா. கல்லில் சீஸ் வழிந்து கறுப்பாகக் கருகிவிட்டது. டெல்பின் கல் ஆறின பிறகு தோசைக் கரண்டியால் சுரண்டி, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து அப்படியே உள்ளே வைத்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கழுவ மாட்டியாம்மா?"

"சோப்பு போடக் கூடாது அத்தை. கல்லுல நுண்ணு நுண்ணா ஓட்டை இருக்கும். என்னத்த ஊத்தினாலும் குடிச்சிரும். பொறவு சூடாக்கும்போது எல்லாம் வெளிய வரும். கறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அது ஒண்ணும் செய்யாது."

சமைக்கிற சாமானைக் கழுவாமல் வைப்பது என் அடுக்களையில் இதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

சாயங்காலம் வழக்கம்போல என் முட்டியைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் அடுத்தவர் காலை நீட்டி மடக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தும் என் காலுக்கு உட்காருகிறாள். பெற்ற மகன் ஒரு நாள் தைலம் தேய்த்தது கிடையாது.

டிசம்பர் 22, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு இருவரும் தூத்துக்குடி கிளம்பினார்கள். டெல்பின் அம்மா வீடு கடற்கரையை ஒட்டி. அங்கே போனால் குத்தாலமும் மீன் தின்கிறான் என்று எனக்குத் தெரியும். கேட்டதில்லை. கல்யாணத்தின்போது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சர்ச்சுக்குப் போகட்டும், வெளியே எதையும் சாப்பிடட்டும், என் அடுக்களைக்குள் மட்டும் கவுச்சி வரக் கூடாது. "வராது அத்தை" என்றாள். வந்ததும் இல்லை. ஒரு முட்டை ஓடுகூட இந்த வீட்டுக் குப்பையில் விழவில்லை.

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருக்கிறது. சேலை எடுத்தால் கட்ட மாட்டாள். நகையும் போட மாட்டாள்.

டிசம்பர் 23, திங்கள்

என்ன செய்வது என்று தோன்றிவிட்டது. கல்லைப் பழக்கப் போகிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கல்லை வாங்கத் தெரிகிறது, பழக்கத் தெரியவில்லை. என் கல்சட்டி புதிதாக வந்தபோது வடிகஞ்சியில் ஊறப்போட்டு, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவித் தடவி வைத்துத்தான் அடுப்பில் ஏற்றினேன். இன்றைக்கும் அதில் புளிக்குழம்பு வைத்தால் மறுநாள் வரை கெடாது. பழக்காத கல் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

பெரிய தாம்பாளத்தில் கல்லை வைத்து, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை ஊற்றினேன். குமிழி விட்டுக்கொண்டு குடித்தது. பாவம், எத்தனை நாள் தாகமோ. இவர் கோயிலுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் தாம்பாளத்தைப் புறவாசலுக்குக் கொண்டுபோய் மூடிவிட்டேன். பார்த்தால் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்.

டிசம்பர் 26, வியாழன்

இரண்டு நாள் கஞ்சி, பிறகு வெயில், பிறகு விளக்கெண்ணெய். மஞ்சள் சேர்க்கவில்லை, நிறம் மாறிவிடும். பழைய வேட்டித் துணியில் எண்ணெயை நனைத்துத் தேய்க்கத் தேய்க்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பாட்டிலில் பாதி தீர்ந்துவிட்டது. முட்டி போட்டு உட்கார்ந்ததில் வலி உயிர் போகிறது. ஆனாலும் கல் இப்போது பார்க்க லட்சணமாக, கறை தெரியாமல் ஒரே சீராகக் கறுத்திருக்கிறது. பழையபடி ஓவனுக்குள் வைத்து மூடிவிட்டேன்.

அவளிடம் சொல்லப் போவதில்லை. என் மாமியார் ஒரு தம்ளர் மோர் கொடுத்தாலும் தெருக்கோடி வரைக்கும் சொல்லிக்காட்டுவார். நான் அந்த ரகம் இல்லை. சுட்டுப் பார்க்கும்போது அவளாகவே தெரிந்துகொள்ளட்டும்.

டிசம்பர் 27, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஒரு பெட்டி மக்ரூன். அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு என்று திருநெல்வேலி ஜில்லாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. இவர் இரண்டு, நான் ஒன்று.

ஜனவரி 5, ஞாயிறு

இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுதினால் ஆறும் என்று எழுதுகிறேன்.

இவரும் நானும் தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மதியத்துக்கு மேல் திரும்பினோம். வாசலில் ஆண் செருப்பு. டெல்பினின் அண்ணன் ஜூடு வந்திருந்தான். கூடத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி திறந்து கிடந்தது. ஐஸ் உருகித் தண்ணீர் வடிந்து நின்றது. உள்ளே நுழைந்ததும் குப்பென்று ஒரு வாடை. புகையும் நாற்றமுமாக இருந்தது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அடுக்களையிலிருந்துதான். ஓவன் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கல் புகைந்தது.

"இது என்ன வாடை?"

"அதான் அத்தை நானும் பாக்கேன். கல்லைக் காய வச்சேன், அவ்வளவுதான். இன்னும் ஒண்ணும் மேல வைக்கலை."

"உங்க அண்ணன் பெட்டியில என்ன கொண்டுவந்தான்?"

"சீஸ். மொத்தக் கடையில குறைஞ்ச விலைக்குக் கிடைச்சுதாம்."

சீஸுக்கு எதற்குத் தெர்மாகோல் பெட்டி? நான் நேரே கேட்டுவிட்டேன், கல்லில் மீன் வைத்தாயா என்று. அவள் ஓவனை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இது மீன் வாடை இல்லை அத்தை. மீன் வாடை எனக்குத் தெரியாதா?"

எவ்வளவு திமிர் என்று தோன்றியது. நான் பிறந்ததிலிருந்து மீனை மூக்கின் பக்கம் கொண்டுபோனவள் இல்லை. அதனால் எனக்குத் தெரியாது என்கிறாளா? கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். ஜூடு எப்போது கிளம்பிப் போனான் என்று தெரியாது. சாப்பிடாமலே போய்விட்டான்.

ஜனவரி 6, திங்கள்

அடுக்களையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் புளிபோட்டுத் தேய்த்தேன். கல்லைத் தொடவில்லை. டெல்பினே அதைத் தூக்கிப் புறவாசலில் துவைகல் ஓரமாகச் சாத்திவைத்தாள். வைக்கும் முன் விரலால் ஒரு தடவை தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். நீட்டு, மடக்கு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வர மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசலில் டெல்பின் போட்ட கோலத்தைத் தெருவே பார்த்தது. பானை பொங்கும்போது அடுக்களை நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே வா என்றேன். "இருக்கட்டும் அத்தை, இங்கன நின்னே பாக்கேன்" என்றாள்.

சாப்பிடும்போது, "உப்பு எடுத்துக்கிடலாமா அத்தை?" என்று கேட்டாள். உப்பு! ஒன்றரை வருஷமாக இந்த அடுக்களையில் புழங்கினவள். இவர் இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். பொங்கலில் இந்தத் தடவை வெல்லம் போதவில்லை.

ஜனவரி 27, திங்கள்

குத்தாலம் பெருமாள்புரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டானாம். தை முடிவதற்குள் பால் காய்ச்ச வேண்டுமாம். அவளுக்கு ஆஸ்பத்திரி பக்கமாம்.

"அவ சொல்லிக் குடுத்தாளா?" என்றேன்.

"அவ ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா எனக்கும் கோவம் தீர்ந்திருக்கும். அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். கடக்கரைப் புத்தி கழுவினா போகுமான்னு கேட்டீங்கல்லாம்மா, அப்ப அவ அண்ணன் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு நின்னான். அவன் காதுபடவா கேக்கணும்?"

நான் அப்படியேவா சொன்னேன்? அந்த மாதிரி ஏதோ சொன்னது ஞாபகம் இருக்கிறது. இவரிடம் கேட்டேன். "அப்படியேதான் சொன்ன" என்றார். தினசரியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

இந்த வீட்டைக் கட்டும்போது மாடியில் அவனுக்கென்று ஒரு ரூம் போட்டோம். அவர்கள் போய்விட்டால் அந்த மாடிப்படி யாருக்கு? என் முட்டிக்கு ஏற முடியாது. போகாதே என்று சொல்ல வாய் வருகிறது. சொன்னால், அப்போ அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்பான். அவள் மீன் சுட்டது தப்புத்தானே? நான் கேட்டது ஒன்றே ஒன்று.

பிப்ரவரி 8, சனி

இருவரும் புது வீட்டைக் கழுவிவிடப் போயிருந்தார்கள். ஓவனையும் கல்லையும் இங்கேயே விட்டுப் போகிறார்களாம், அங்கே இடம் இல்லையாம். அவள் சாமான் அவளிடமே இருக்கட்டும், வாடையைச் சுட்டு எடுத்துவிட்டுக் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தேன். போகிற நேரத்தில் ஒரு நல்ல காரியமாக இருக்கட்டுமே. கல்லை எடுத்துத் துடைத்து ஓவனில் வைத்துக் காயவிட்டேன்.

அதே வாடை.

மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் கூடத்திலிருந்து வந்தார். வாசலிலேயே நின்று முகர்ந்தார்.

"ஏளா, இது விளக்கெண்ணெய்ல்லா? அன்னைக்கு எனக்குச் சளியில மூக்கே தெரியலை. சின்னப் பிள்ளையில எங்கம்மை மூக்கைப் பிடிச்சு ஊத்துவாளே, சூடு பண்ணினா இப்படித்தான் குமட்டும். கூட என்னமோ புளிச்ச கஞ்சி கணக்கா இருக்கு. கல்லுல என்னத்தையும் தடவினியா?"

"நான் என்னத்தத் தடவப் போறேன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அவர் போன பிறகு புறவாசல் கொடியில் கிடந்த அந்த வேட்டித் துணியை எடுத்து வந்தேன். எண்ணெய் இறுகிப் பிசுபிசுவென்று இருந்தது. அடுப்பைப் பற்றவைத்துத் தீயருகே ஒரு நிமிஷம் பிடித்தேன். சந்தேகமே இல்லை. துணிக்கும் கல்லுக்கும் ஒரே வாடை. மீன் என்று நான் சொன்னது இதைத்தான். மீன் எப்படி வாடை அடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? குமட்டுகிற எதற்கும் இந்த வீட்டில் கவுச்சி என்றுதான் பெயர்.

ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். ஜூடு கொண்டுவந்த சீஸ் பாக்கெட்டுகள் பிரிக்காமல் அப்படியே அடுக்கியிருந்தன.

அவர்கள் வருவதற்குள் துணியைக் குப்பையில் போட்டேன். கல்லைப் பழைய இடத்தில் சாத்தினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பால் காய்ச்சினார்கள். டெல்பினின் அம்மா, ஜூடு எல்லாரும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "நீங்க முதல்ல அடுப்பைப் பத்த வைங்க சம்பந்தி" என்றார். பற்ற வைத்தேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஜூடு நல்ல பையன்தான், நாற்காலி எடுத்துப் போட்டான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டில் அரிசி அதிகமாகப் போட்டுவிட்டேன். சோறு மிஞ்சிவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். "அத்தை, முட்டிக்குப் பண்ணுதீங்களா? வீடியோ அனுப்பினேனே" என்றாள். பண்ணுகிறேன் என்றேன். பண்ணவில்லை. போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. நேரில் சொன்னால்தான் மரியாதை.

இவர் ஒன்றும் கேட்பதில்லை. அது இன்னும் மோசம். விளக்கெண்ணெய் பாட்டிலை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அலமாரியில் பின்வரிசையில் ஒளித்து வைத்தது இன்று முன்வரிசையில் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

தனியாக ஆட்டோ பிடித்துப் போனேன். குத்தாலம் கடைக்குப் போயிருந்தான். டெல்பின் அடுக்களையில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறிப்போய் மூடியை வைத்து, ஜன்னலைத் திறந்து, என்னை முன்னறைக்குக் கூட்டி வந்தாள். "சொல்லிட்டு வந்திருந்தா வச்சிருக்க மாட்டேன் அத்தை" என்றாள். அவள் வீட்டில் அவள் மன்னிப்புக் கேட்கிறாள்!

அந்த வாடை முன்னறை வரைக்கும் வந்தது. புளியும் தேங்காயும் மிளகாயும், கூடவே எனக்குத் தெரியாத இன்னொன்று. அன்றைக்கு நம் வீட்டில் அடித்த வாடைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அதையா மீன் வாடை என்று சொன்னேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி, எண்ணெய், துணி எல்லாம். உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், உன்மேல் பிரியத்தில்தான் செய்தேன், வாடை என்னால் வந்தது என்று எனக்குத் தெரியாதும்மா என்றேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தை."

"எது?"

"எண்ணெய். மறுநாள் கல்லைத் தூக்கி வைக்கும்போதே தெரிஞ்சிட்டு. கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு. அலமாரியில பாட்டில் பாதிக்கு இறங்கியிருந்துச்சு. நீங்க ஆசையாத்தான் செஞ்சிருப்பீங்கன்னும் தெரியும்."

"பின்னே ஏம்மா சொல்லலை? சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே!"

"பாட்டிலைக் கொண்டுவந்து காட்டியிருந்தா நம்பியிருப்பீங்க. அது பாட்டிலை நம்புறதுல்லா." துப்பட்டா நுனியால் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணையும் காட்டாம, நான் சொன்னதை மட்டும் வச்சு நம்புவீங்களான்னு பாத்தேன். ஒரு நாள் நம்பிருவீங்கன்னு நெனச்சேன். பொங்கலுக்கு நம்புவீங்கன்னு நெனச்சேன்."

திரும்ப வீட்டுக்கு வந்துவிடும்மா என்று கேட்கத்தான் ஆட்டோவில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். கேட்கவில்லை. கேட்கிற தகுதி இல்லை.

கிளம்பும்போது, "அந்தக் கல் இனி ஆகாதா?" என்று கேட்டேன். பேச வேறு என்ன இருக்கிறது.

"உள்ள போனதை உடனே எடுக்க முடியாது அத்தை. ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பக் காய வைக்கணும். ரொம்ப நாள் பிடிக்கும். போனாலும் போகும், போகாமலும் இருக்கும்." பிறகு, "இருங்க, முட்டியை நீட்டுங்க" என்று கீழே உட்கார்ந்தாள். அந்தக் கை என் காலில் பட்டதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

இவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார் இவரும். "அன்னைக்கு நான் கேட்டப்ப சொல்லியிருந்தா, பால் காய்ச்சதுக்கு முன்னாலயே முடிஞ்சிருக்கும்லா?" ஆமாம் என்றேன். ஆமாம்.

மார்ச் 4, செவ்வாய்

கல்லைக் காய வைத்தேன். வாடை.

மார்ச் 6, வியாழன்

காய வைத்தேன். இன்றைக்குப் புகை கொஞ்சம் மட்டு. வாடை அப்படியேதான்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டு ஓவனைப் போட்டேன். இவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு கூடவே நின்று விசிறினார். காம்பவுண்டு சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு லோகநாயகியின் தலை தெரிந்தது. அவளும் எங்களைப் போலச் சைவம்தான். எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம்.

"என்ன மதினி, ஒரு வாரமா உங்க வீட்டுப் பக்கம் கவுச்சி வாடை? மருமவ போன பொறவு நீங்களே ஆரம்பிச்சிட்டேளா?"

"கவுச்சி இல்லை லோகா. கல்லுல எண்ணெய் இறங்கிட்டு, அதைச் சுட்டு எடுக்கேன்."

"கல்லுல எண்ணெயா?" அவள் கண்ணைச் சிமிட்டினாள். "சரி, சரி. நான் யார்ட்ட சொல்லப் போறேன்? இந்தக் காலத்துல யாரு மதினி திங்கலை?"

"சத்தியமா இல்லை லோகா. என் வீட்டுல நான் என்ன சுடுதேன்னு எனக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டே தலை இறங்கிவிட்டது. இந்நேரம் தெருவில் நாலு வீட்டுக்குப் போயிருக்கும்.

எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தப் போனேன். கை கொண்டியில் இருக்கும்போதுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தெரியாதா. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் இதுதான். நான் திமிர் என்றேன்.

ஜன்னலைச் சாத்தவில்லை. யார் வேண்டுமானாலும் முகர்ந்துகொள்ளட்டும். கல் ஆறினதும் தோசைக் கரண்டியால் சுரண்டி, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, சோப்பு போடாமல் உள்ளே வைத்தேன். வாடை இன்னும் இருக்கிறது. நாளைக்கும் காய வைக்க வேண்டும்.